வயிற்றில் இருந்த நோய் சிறுநீர்ப்பைக்கு எப்படிப் போனது, டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. இருபது வருடம் டீக்கடை நடத்தியவர். பீடிப் பழக்கம் இருந்தது, இப்போது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இரைப்பையில் புற்றுநோய் என்று பாதி இரைப்பையை எடுத்தார்கள். கீமோவும் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். இந்தச் சித்திரையில் நீர்க்கடுப்பு என்றார். சூடு என்று நினைத்து இளநீர், வெந்தயம், பார்லித் தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் சிறுநீர் சிவப்பாகப் போனது. பக்கத்து டாக்டர் இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் எழுதினார். இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் சுவர் தடித்திருக்கிறது, வலது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று வந்தது. கேமரா விட்டுப் பார்த்துச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'சிக்னெட் ரிங் செல்' என்று இருக்கிறது. ஒரு டாக்டர், பழைய நோய்தான் பரவியிருக்கிறது என்கிறார். இன்னொருவர், இது பையின் உச்சியில் புதிதாக வந்த புற்றுநோய்போல இருக்கிறது, பையை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார். கிரியாட்டினின் 2.3. முதுகு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அவருக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. வயிற்றில் இருந்தது எப்படி அங்கே போகும்? நாங்கள் தாமதித்ததால்தானா? பையை எடுத்தால் சரியாகிவிடுமா? எனக்கும் தம்பிக்கும் வருமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு முன்னால், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிவிட்ட இரண்டு விஷயங்களுக்கு வருகிறேன். அவைதான் இந்த வாரமே கவனிக்க வேண்டியவை. ஒன்று, கிரியாட்டினின் 2.3. அது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. ரத்தத்தில் அதன் அளவு ஏறினால் சிறுநீரகம் திணறுகிறது என்று பொருள். இன்னொன்று, மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரை.

மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் என்று அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி, இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. நல்ல சிறுநீரகம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் தாங்காது. இப்போதைக்குப் பாராசிட்டமால் போடலாம். அது போதவில்லை என்றால், சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து உங்கள் டாக்டர் வேறு எழுதித் தருவார். அந்த முதுகு வலியே வீங்கிய சிறுநீரகத்தால் வருவதாகவும் இருக்கலாம். வலி வலது விலாவுக்குக் கீழே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, கிரியாட்டினின். சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பைக்கு இறங்குகிறது. அந்தக் குழாய் பைக்குள் நுழையும் இடத்தில் சுவர் தடித்துப்போய் அதை நெரிக்கிறது. மடை அடைத்துக்கொண்டால் மேலே தண்ணீர் தேங்குவதுபோல, சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது. ஆனால் வலது பக்கம் மட்டும் அடைத்திருந்தால், இடது பக்கம் நன்றாக இருக்கும்வரை, கிரியாட்டினின் பெரும்பாலும் இந்த அளவுக்கு ஏறாது. ஒன்றின் வேலையை மற்றது பார்த்துக்கொள்ளும். 2.3 என்று ஏறியிருக்கிறது என்றால் இடது பக்கமும் நெரிபடத் தொடங்கியிருக்கலாம், மாத்திரை கெடுத்திருக்கலாம், பையில் ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் இருக்கலாம், அல்லது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். அதனால் ஸ்கேனை மறுபடி எடுத்து இடது சிறுநீரகத்தையும், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடைப்பு உறுதியானால் இரண்டு வழி உண்டு. சிறுநீர் இறங்கும் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலைக் கேமரா வழியாக வைக்கலாம். பையின் சுவர் இறுகிக் குழாயின் வாயே தெரியாமல் போனால், அல்லது ஸ்டென்ட் வைத்தும் வடியவில்லை என்றால், முதுகுப் பக்கம் மரப்பு ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடியே சிறுநீரகத்துக்குள் ஒரு சின்னக் குழாயை விட்டு வெளியே ஒரு பையில் வடிய விடலாம். இடுப்பில் பையோடு நடப்பது அவருக்குப் பிடிக்காது, எனக்குத் தெரியும். ஆனால் சிறுநீரகம் மீண்டால்தான் அடுத்த சிகிச்சை. அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இளநீரையும் கொஞ்ச நாள் விடுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம். கிரியாட்டினின் ஏறியிருக்கும்போது பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நிறையக் குடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்று லிட்டர் கணக்கில் ஊற்றுவதும் வேண்டாம். தாகத்துக்குக் குடிக்கட்டும். ஊசி மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனுக்குப் போனால், அறைக்குள் போவதற்கு முன்பே கிரியாட்டினின் ரிப்போர்ட்டை நீட்டுங்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்து அடிவயிறு உப்பினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருவோம்.

இரைப்பை மேல்வயிற்றில் இருக்கிறது, சிறுநீர்ப்பை அடிவயிற்றின் கடைக்கோடியில். நடுவே குடல் முழுக்க இருக்கிறது. எப்படிப் போகும் என்று யாருக்கும் தோன்றும். இது உண்மையிலேயே அபூர்வம். நானே என் இத்தனை வருடத் தொழிலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். லண்டனில் இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்கள் 2000-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சிறுநீர்ப்பையில் கண்ட புற்றுக் கட்டிகளில் வேறு உறுப்பிலிருந்து வந்தவை நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான். அப்படி வந்தவற்றில் 282 பேரைப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை பெருங்குடல், புராஸ்டேட், மலக்குடல், கருப்பை வாய் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவை. பக்கத்து வீட்டு மரம் மதிலைத் தாண்டி நம் வீட்டுக்குள் கிளை நீட்டுவதைப் போன்ற சமாச்சாரம். தூரத்திலிருந்து வந்தவற்றில் இரைப்பைதான் முதலிடம், அதுவும் 4.3 சதவீதம் மட்டுமே.

தூரத்திலிருந்து வர மூன்று பாதைகள். ரத்தம் ஒன்று, நிணநீர் ஒன்று. மூன்றாவது பாதையைப் பற்றித்தான் சாதாரணமாக யாரும் சொல்வதில்லை, இரைப்பையைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். வயிற்றறையின் உட்புறம் முழுக்கப் பெரிட்டோனியம் என்ற வழவழப்பான ஒரு சவ்வு விரிந்திருக்கிறது. இரைப்பையின் வெளிப்புறத்தை மூடுவதும் அதே சவ்வு, சிறுநீர்ப்பையின் உச்சியை மூடுவதும் அதே சவ்வு. நோய் இரைப்பைச் சுவரைத் துளைத்து வெளிப்புறத்தைத் தொட்டால் சில செல்கள் உதிர்ந்து வயிற்றறைக்குள் விழும். விழுந்தவை கீழே போகும். நிமிர்ந்து நிற்கும் ஒரு ஆணின் வயிற்றறையில் ஆகத் தாழ்ந்த பள்ளம் எது தெரியுமா? சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே உள்ள குழிவு. அங்கே தங்கி, வேர்பிடித்து, பையின் சுவருக்குள் வெளியிலிருந்து உள்ளே நுழைகிறது. பெண்களுக்கு இதே இரைப்பை நோய் சினைப்பைகளில் போய் உட்காரும். அந்தக் கட்டிக்கு, 1896-இல் அதை விவரித்த குருக்கன்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர்தான் இன்றும் வழங்குகிறது.

இரைப்பைப் புற்றுநோய் எல்லாமே இப்படி உதிர்வதில்லை. பின்லாந்தின் லாரன் 1965-இல் இரைப்பைப் புற்றுநோயை இரண்டு குணமாகப் பிரித்தார். ஒன்று, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வளர்வது. இன்னொன்று, ஒட்டும் பசையை இழந்து தனித்தனியாகப் பிரிந்து சுவருக்குள் ஊடுருவிப் பரவுவது. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் வந்த சிக்னெட் ரிங் இந்த இரண்டாம் குணத்தைச் சேர்ந்தது. செல்லுக்குள் சளி நிறைந்து, நடுவில் இருக்க வேண்டிய கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கல் பதித்த முத்திரை மோதிரம்போலவே இருக்கும். ஸ்கேனில் கட்டி என்று வராமல் சுவர் தடிப்பு என்று வந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். இந்தச் செல்களுக்கு உருண்டு திரளும் பழக்கம் இல்லை.

இப்போது, டாக்டர்கள் இருவரில் யார் சொல்வது சரி?

நோய் இருக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் எந்தப் பெயரில் அழைக்கிறோமோ அதற்கேற்ப சிகிச்சை தலைகீழாக மாறும். சிறுநீர்ப்பையின் சொந்தப் புற்றுநோய் என்றால், அது பையோடு நிற்கும்வரை பையை எடுப்பது நியாயமான வைத்தியம். இரைப்பை நோயின் பரவல் என்றால், பையை எடுப்பது கிளையை வெட்டுவது மாதிரி. பெரிய ஆபரேஷன், தேற இரண்டு மாதமாவது ஆகும், அதுவரை கீமோ தள்ளிப்போகும், வயிற்றறையில் உதிர்ந்து கிடக்கும் மற்ற செல்கள் அப்படியே இருக்கும்.

இரண்டாவது டாக்டர் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று மட்டும் நினைக்காதீர்கள். பீடி பிடித்தவருக்குச் சிறுநீரில் ரத்தம் என்றால் எந்த யூராலஜிஸ்டும் முதலில் பையின் சொந்த நோயைத்தான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். அப்புறம், உச்சியில் என்று அவர் சொன்னாரே, அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் கருவில் இருக்கும்போது பையின் உச்சியிலிருந்து தொப்புள்வரை யுராக்கஸ் என்று ஒரு குழாய் இருந்தது. பிறகு அது வெறும் நாராகிவிடும். அபூர்வமாக அந்த நாரிலிருந்து புற்றுநோய் வரும். வந்தால் பையின் உச்சியில்தான் வரும், சில சமயம் இதே மோதிரச் செல்களோடு வரும். ஆக அவருடைய சந்தேகம் படித்தவரின் சந்தேகம்தான். ஆனால் பையின் சொந்தப் புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதன் உள்வரி, அதாவது பையின் உட்புறத்தை மூடும் படலத்தின் செல்களிலிருந்து வருபவை, அவற்றின் முகமே வேறு. மோதிரச் செல் அங்கே பிறப்பது மிக மிக அரிது. இரண்டு வருடத்துக்கு முன் இரைப்பை நோய்க்கு ஆபரேஷன் ஆனவரின் பையில் மோதிரச் செல் கிடைத்தால், என் கண் முதலில் இரைப்பையைத்தான் பார்க்கும்.

கண் பார்த்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். அதற்கான சாட்சி உங்கள் பழைய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த இரைப்பைச் சதையைச் சின்ன மெழுகுக் கட்டிகளாக வைத்திருப்பார்கள். பிளாக் என்று சொல்லிக் கேளுங்கள், கண்ணாடி ஸ்லைடுகளையும் கேளுங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே இருக்கும் பேத்தாலஜி பிரிவுக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். அதையும் புதிதாக எடுத்த சதையின் பிளாக்கையும் ஒரே பேத்தாலஜிஸ்டிடம் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் இந்த ஒரு வேலையிலேயே விடை கிடைத்துவிடும். கூடவே செல் எந்த ஊர்க்காரர் என்று காட்டும் சாயச் சோதனைகள் செய்வார். கேட்டா-3 என்ற சாயம் சிறுநீர்ப்பையின் உள்வரிச் செல்லில் பிடிக்கும், இரைப்பைச் செல்லில் சாதாரணமாகப் பிடிக்காது. சிகே-20, சிடிஎக்ஸ்-2 போன்றவை குடல் வகைச் செல்லைக் காட்டும். ஆனால் யுராக்கஸ் நோயிலும் அவை பிடிக்கும். அதனால் சாயத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. பழைய ஸ்லைடு, வயிறு முழுவதற்கும் ஸ்கேன், மீதி இரைப்பைக்கு எண்டோஸ்கோப்பி, எல்லாம் சேர்ந்துதான் முடிவு. பெட் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். அதற்காக ஊசியில் ஏற்றும் மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், அதனால் பையே பளீரென்று எரிந்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும். மோதிரச் செல்களும் அந்த மருந்தை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. பணத்தைக் கொட்டுவதற்கு முன் டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். பிளாக் என்பது மெழுகு. திண்டுக்கல் வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போகாதீர்கள். துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பிளாக் இன்னொரு வேலைக்கும் வேண்டும். இது இரைப்பையின் பரவல்தான் என்று உறுதியானால், உடம்பு முழுக்கப் போகும் மருந்துதான் சிகிச்சை. எந்த மருந்து என்பதை அந்தச் சதையே சொல்லும். ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருந்தால் டிராஸ்டுசுமாப் சேர்க்கலாம். இரைப்பை நோயில் அது பலன் தருகிறது என்று 2010-இல் நிரூபணமானது, இப்போது இந்தியக் கம்பெனிகளே அதன் மாற்று வடிவங்களைத் தயாரிப்பதால் விலை முன்புபோல இல்லை. ஒளிவு மறைவில்லாமல் சொன்னால், மோதிரச் செல் நோயில் ஹெர்-2 இருப்பது குறைவு, ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது. பிடி-எல்1, எம்எஸ்ஐ என்று இரண்டு சோதனைகள் இருக்கின்றன. அவை சாதகமாக வந்தால் நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளை யோசிக்கலாம். கிளாடின் என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஒரு மருந்துக்கு 2024-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். கடன் வாங்கி, நிலத்தை விற்று என்று போவதற்கு முன், அந்த மருந்து இவருக்கு எத்தனை மாதத்தைக் கூட்டும் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

சாதாரண கீமோவுக்கு வந்தால்தான் சிறுநீரகத்தின் அருமை தெரியும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, இந்தக் கிரியாட்டினினில் கொடுக்க முடியாது. கேப்சிடபின் மாத்திரை சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. வேலைத்திறன் குறைந்தால் அளவைக் குறைக்க வேண்டும், ரொம்பக் குறைந்தால் தரவே கூடாது. ஆக்சாலிபிளாட்டின் கொஞ்சம் தோது. ஆனால் முதல் சுற்றில் அதைத்தான் கொடுத்தார்களா, விரல் மரமரப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துகளின் பெயர்கள் இருக்கும், எடுத்துக்கொண்டு போங்கள். அடைப்பை முதலில் சரிசெய்யச் சொன்னது இதனால்தான். ஒரு குழாய் வைத்தால் கிரியாட்டினின் இறங்கும், இறங்கினால் மருந்துக் கதவுகள் திறக்கும்.

ரத்தம் போவதற்கென்று தனி வைத்தியம் உண்டு. கட்டி கட்டியாகப் போனால் மூன்று வாய் உள்ள கேதீட்டர் போட்டுத் தொடர்ந்து கழுவுவார்கள். கேமரா வழியாகக் கசியும் இடத்தைக் கரிக்கலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால் சில நாள் கதிர்வீச்சு கொடுத்து நிறுத்தலாம். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பாதி இரைப்பை போனவருக்கு இரும்புச் சத்தும் பி12-உம் முன்பே குறைந்திருக்கும். அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எல்லா இடத்துக்கும் கையில் வைத்திருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பயன்படும்.

பையை எடுத்தால் சரியாகிவிடுமா என்ற கேள்விக்குள் வேறு ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: இது குணமாகுமா? பரவல்தான் என்று உறுதியானால், குணமாகாது. நான்காம் நிலை இரைப்பை நோயில் கீமோவோடு இருப்பவர்களில் சரிபாதிப் பேர் ஏறக்குறைய ஒரு வருடத்தைத் தாண்டுகிறார்கள், மருந்து ஒத்துவந்தால் அதைவிடக் கூடுதல். வயிற்றறைக்குள் பரவிய மோதிரச் செல் நோய் இதில் கொஞ்சம் முரட்டு வகை. இது கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் அப்பா எந்தப் பாதியில் இருக்கிறார் என்று அது சொல்லாது. இரண்டு மூன்று சுற்று மருந்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேன்தான் ஓரளவு சொல்லும். கீமோவோடு வலி நிவாரண மருத்துவரையும் முதல் நாளிலிருந்தே பார்ப்பது நல்லது. "எல்லாம் முடிந்த பிறகு போகிற இடம்" என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. அது வீண் பயம். அவர்களைச் சீக்கிரம் பார்த்தவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், மருந்தையும் தாங்குகிறார்கள்.

இனி, அந்த இரண்டு மாதம். கடிதத்தில் அதை எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறியிருந்தது. பையின் சொந்தப் புற்றுநோய் உள்வரியில் பிறப்பது, அதனால் சீக்கிரமே ரத்தம் கசிந்து ஆளைக் கூப்பிட்டுவிடும். இது பரவல்தான் என்றால் அப்படி இல்லை. வெளியிலிருந்து உள்ளே வருவது. சவ்வு, தசை எல்லாம் தாண்டி, உள்வரியைத் தொடும்போதுதான் சிறுநீர் சிவக்கும். கேமரா விட்டுப் பார்த்தாலும் உள்ளே வீக்கம் மட்டும் தெரிந்து மேல்தோல் சாதாரணமாக இருக்கும் கட்டம்கூட உண்டு. சித்திரையில் அவர் கடுப்பு என்று சொன்ன அன்றே மதுரைக்குக் கூட்டிப்போயிருந்தாலும் நோயின் பெயரும் நிலையும் இதுவாகவேதான் இருந்திருக்கும். அந்த இரண்டு மாதத்தில் சிறுநீரகம் கொஞ்சம் அடிவாங்கியிருக்கலாம், உண்மைதான். அதைப் பெரும்பாலும் மீட்கலாம்.

ஆனால் பொதுவாக எல்லோருக்கும் ஒன்று. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குச் சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், வந்து தானாக நின்றுவிட்டாலும் அதற்குச் சூடு என்று பெயர் வைக்காதீர்கள். கல்லாக இருக்கலாம், புராஸ்டேட்டாக இருக்கலாம், கிருமியாக, நம் ஊரில் காசநோயாகக்கூட இருக்கலாம். ஸ்கேனும் கேமராவும் பார்த்த பிறகு நிம்மதியாக இளநீர் குடியுங்கள். கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்க்காமல் ஒரு ஆணுக்கு இரண்டாவது தடவையும் ஆன்டிபயாட்டிக் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அதை அந்த டாக்டரிடமும் சொல்வேன்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, 'சொல்லவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடம் டீக்கடை கல்லாவில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தே யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர் அவர். நீங்கள் ஸ்கேன் கவரை முந்தானைக்குள் மறைத்ததும், தம்பி வராந்தாவில் போய்ப் போன் பேசியதும் அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரியாததுபோல அவர் நடிப்பது உங்களுக்காக, உங்கள் நடிப்பு அவருக்காக. இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

எடுத்தவுடனே எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "உடம்புக்கு என்னன்னு நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா?" என்று கேளுங்கள். அவரே பாதி சொல்லிவிடுவார். "டாக்டர் சொன்னதை எல்லாம் சொல்லவா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?" என்று அடுத்துக் கேளுங்கள். "நீங்களே பாத்துக்குங்க" என்றால் அதுவும் அவருடைய பதில்தான், அதை மதியுங்கள். "சொல்லு" என்றால், பரவல்தான் என்று உறுதியாகியிருந்தால், பழைய நோய் கீழே இறங்கியிருக்கிறது, பூரணமாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்க மருந்து இருக்கிறது என்று சொல்லுங்கள். மாதத்தைக் கணக்குச் சொல்ல வேண்டாம், அவராகக் கேட்டாலொழிய. பேசத் தயக்கமாக இருந்தால் டாக்டர் முன்னால் பேசுங்கள், அவர் எடுத்துக்கொடுப்பார். முதுகில் குழாய் வைக்கவும் கீமோவுக்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். எதற்கென்று தெரியாமல் போடச் சொல்வது நியாயமில்லை.

உங்களுக்கும் தம்பிக்கும் வருமா? இது ஒட்டுவாரொட்டி அல்ல. அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைக்கும் உறவினர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் ஒரு வகை உண்டு. செல்களை ஒட்டவைக்கும் பசைக்கான சிடிஎச்1 மரபணு பழுதாவதால் வருவது, 1998-இல் நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பத்தில் இளவயதிலேயே பலருக்கு வந்திருந்தது. உங்கள் அப்பாவுக்கு அறுபதில் வந்திருக்கிறது. அத்தை, பெரியப்பா, தாத்தா வழியில் வேறு யாருக்கும் இரைப்பையிலோ, பெண்களுக்கு மார்பிலோ வந்ததில்லை என்றால் அந்தச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. வந்திருந்தால் மரபியல் ஆலோசனைக்குப் போங்கள்.

நீங்கள் இருவரும் செய்ய வேண்டியது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கான சோதனை. இரைப்பைப் புற்றுநோய்க்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அதை முதல் வகையில் சேர்த்துவிட்டது. சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது, அதனால் அப்பாவுக்கு இருந்திருந்தால் பிள்ளைகளுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். மலத்திலோ மூச்சிலோ பார்க்கலாம். இருந்தால் 14 நாள் மாத்திரை, முடிந்த பிறகு போய்விட்டதா என்று இன்னொரு சோதனை. அசிடிட்டி மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

இதெல்லாம் அப்பாவின் அடைப்பு சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இடது சிறுநீரகத்தின் ஸ்கேன், அப்புறம் பழைய பிளாக். கிரியாட்டினின் எவ்வளவு இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள்.